பதினைந்து மாதம்வரை இரண்டு இடைவேளை

தாய்ப்பாலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்த வரலாறு ஆலையிலிருந்து தொடங்குகிறது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது, திரும்பி வந்தவளுக்குப் பாலூட்டத் தினமும் இரண்டு அரைமணி நேரம் தர வேண்டும் என்றது.

இந்தியாவின் 1961 மகப்பேறு நலச் சட்டம் பன்னிரண்டு வாரச் சம்பள விடுப்பையும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் தந்தது. யாருக்கு என்பதுதான் என் கேள்வி. டெல்லி மாநகராட்சிக்காகச் சாலை போட்ட தினக்கூலிப் பெண்களுக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்டது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அவர்கள் வழக்காடி, 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள்.

2017 திருத்தம் விடுப்பை, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 26 வாரமாக்கியது. என் மகள் பிறந்தபோது அது முழுதாகக் கிடைத்தது. அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியாட்டிய அக்காவோ தன் மூன்று மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தார். மதியத்துக்குள் பால் கட்டிக்கொள்ளும். பாத்ரூமில் பீய்ச்சிவிட்டு வருவார்.

சட்டத்தின் கணக்கில் என் வீடு நிறுவனம் அல்ல. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு ஏழைத் தாய்மாருக்குத் தருவது உதவித்தொகை. இழந்த கூலி அல்ல. அந்தக் கூலியை முதலாளியை நம்பி விடாமல் அரசே தர வேண்டும். சாலைபோட்ட பெண்கள் அதற்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.