உலை வாயும் ஊர் வாயும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஊர் வாய் இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி வடிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சமூக ஊடகங்களால் சமுதாயம் கெட்டுப்போகிறது என்று ஒரு சாராரும், அவை இல்லாமல் இனி வாழ்க்கையே இல்லை என்று மற்றொரு சாராரும் வாதம் செய்கிறார்கள். இரண்டு கட்சிகளும் என் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் நான் வசிக்கும் திருவனந்தபுரம் இந்த வழக்கை நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு தடவை விசாரித்துப் பார்த்த ஊர். அந்தச் சரித்திரத்தை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

1905-ஆம் ஆண்டு வக்கம் அப்துல் காதர் மௌலவி என்பவர் ‘சுதேசாபிமானி’ என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். முதலில் அஞ்சுதெங்கிலிருந்து வெளிவந்த அது, பிறகு வக்கத்துக்கும், அங்கிருந்து 1907-ல் திருவனந்தபுரத்துக்கும் மாறியது. 1906 முதல் அதன் ஆசிரியர் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ராமகிருஷ்ண பிள்ளை. முதலாளி முஸ்லிம், ஆசிரியர் நாயர். என்ன எழுத வேண்டும் என்பதில் மௌலவி தலையிட்டதில்லை. திருவாங்கூர் அரசாங்கத்தில் நடந்த ஊழல்களையும் திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் பிள்ளை வாரந்தோறும் கடுமையாகத் தாக்கி எழுதினார். சில சமயம் அந்தத் தாக்குதல் திவானின் தனிப்பட்ட நடத்தை வரைக்கும் போனது.

1910 செப்டம்பர் 26-ந் தேதி ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆணை வந்தது. பத்திரிகை தடை செய்யப்பட்டது. அச்சு இயந்திரம் பறிமுதல் ஆனது. பிள்ளையைக் கைது செய்து, எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தாமல், சமஸ்தானத்தின் எல்லைக்கு வெளியே திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு அவர் சொந்த ஊர் திரும்பவே இல்லை. சென்னை, பாலக்காடு என்று அலைந்து, கடைசியில் கண்ணூரில் 1916 மார்ச் 28-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 37. அந்த ஆறு வருடங்களுக்குள்தான், 1912-ல், பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தின் முதல் நூலையும், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அவருடைய மனைவி கல்யாணி அம்மா அந்தப் பன்னிரண்டு வருட இல்லற வாழ்க்கையை எழுதிய நினைவுக் குறிப்பு இன்றும் மலையாளத்தில் படிக்கப்படுகிறது. பறிமுதலான அச்சு இயந்திரமோ, கேரள மாநிலம் உருவான பிறகுதான் மௌலவியின் குடும்பத்துக்குத் திரும்பியது.

கதையை இத்துடன் நிறுத்தினால் ஒருவர் தியாகி, மற்றவர் கொடுங்கோலர் என்று முடிந்துவிடும். உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் குழந்தைகளைப் பள்ளிக்கூடங்களில் சேர்க்க உத்தரவு போட்டது அதே ராஜகோபாலாச்சாரியின் அரசாங்கம். அந்தக் குழந்தைகளை மற்றவர்களுடன் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்து, 1910-ல் மனம் புண்படும்படி தலையங்கம் எழுதியது அதே ராமகிருஷ்ண பிள்ளை. இன்று பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதே ஊரில் அந்தத் தலையங்கத்தைச் சுட்டிக்காட்டி அவரை விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நியாயம்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்த இடம்தான். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் எழுதியதற்கு அவரைப் பொறுப்பாக்க முடிகிறது. ஏனென்றால் அது அச்சில் இருக்கிறது, அதற்கு ஆசிரியர் என்று ஒரு பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. அவரைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் ஒரே காகிதத்தைக் காட்டித்தான் பேச முடிகிறது.

பின்னால் வந்த திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்திலும் இதே கதை நடந்தது. 1938-ல் ‘மலையாள மனோரமா’வின் அச்சுக்கூடத்தை மூடி முத்திரை வைத்தார்கள். உடனே அது பக்கத்துக் கொச்சி சமஸ்தானத்திலுள்ள குன்னங்குளத்திலிருந்து சில மாதங்கள் வெளிவந்தது. பிறகு பல வருடங்கள் நின்றுபோய், 1947-ல் மறுபடியும் தொடங்கியது. சி.பி. பதவியை விட்டுப் போனதும் அதே வருடம்தான். இரண்டு திவான்களும் நம் சமூகத்தில் பிறந்து புகழ்பெற்ற நிர்வாகிகள். அவர்கள் செய்த நன்மைகளை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஊர் வாயை மூடப் பார்த்த முயற்சி மட்டும் இருவருக்குமே பலிக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2004-ல் ஆர்குட் வந்தது. அதைத் தொடர்ந்து ஃபேஸ்புக், பிறகு வாட்ஸ்அப். ஆர்குட் 2014-ல் மூடப்பட்டுவிட்டது. மற்றவை பெருகிவிட்டன. நம்மைப் போல் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் அக்ரஹாரத்தில் பிறந்து, மும்பை, சென்னை, பெங்களூரு, துபாய், அமெரிக்கா என்று சிதறிப்போன குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேரனின் பூணூல் கல்யாணத்தைப் பாட்டி ஊரிலிருந்தபடியே பார்க்கிறாள். ஒரு இன்லண்ட் லெட்டருக்காகப் பத்து நாள் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

2018-ஆம் வருடம் இந்தக் கருவியின் இரண்டு முகங்களையும் கேரளம் ஒரே வருடத்தில் பார்த்தது. ஏப்ரல் 16-ந் தேதி மாநிலத்தில் திடீரென்று ஒரு ஹர்த்தால். எந்தக் கட்சியும் அறிவிக்கவில்லை, எந்தத் தலைவரும் அழைக்கவில்லை. ஜம்மு-காஷ்மீர் மாநிலத்தில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டித்து வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தி, அவ்வளவுதான். வடகேரளத்தில் கடைகள் மூடப்பட்டன, பஸ்கள் கல்லெறிபட்டன. அந்தச் செய்தியைக் கிளப்பிவிட்டதாகப் பிறகு போலீஸார் கைது செய்த இளைஞர்கள் கலவரம் நடந்த ஊர்க்காரர்கள் அல்ல. அவர்கள் தெற்கே கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

நான்கே மாதம் கழித்து, ஆகஸ்டில், பெருவெள்ளம் வந்தது. மொட்டை மாடியில் சிக்கியவர்கள் தங்கள் இருப்பிடத்தையும் தொலைபேசி எண்ணையும் அதே வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அனுப்பினார்கள். கேரள அரசின் ஐ.டி. மிஷனும் தன்னார்வ இளைஞர்களும் சேர்ந்து அமைத்த ஒரு வலைதளத்தில் அந்த வேண்டுகோள்கள் பதிவாகி, மீட்புக் குழுக்களின் கையில் சேர்ந்தன. திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். எத்தனையோ ஆயிரம் உயிர்கள் அப்படித்தான் பிழைத்தன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கருவி ஒன்றே. ஆகஸ்டில் வந்த நல்ல செய்திகளில் ஒரு பெயர் இருந்தது, ஒரு விலாசம் இருந்தது, கூப்பிட்டால் எடுத்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். ஏப்ரலில் வந்த செய்தியை யார் சொன்னது என்று அனுப்பியவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வெள்ள நாட்களிலேயே முல்லைப்பெரியாறு அணை கசிகிறது, ஊரே அடித்துக்கொண்டு போகப்போகிறது என்று ஒரு குரல் பதிவும் சுற்றியது. அதுவும் விலாசமில்லாத சங்கதிதான். அது பொய் என்று அரசாங்கம் மறுக்க வேண்டி வந்தது.

முல்லைப்பெரியாறு என்றால் கேரளத்தில் வாழும் தமிழர்களான நமக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் படபடக்கும். 1895-ல் கட்டி முடிந்த அந்த அணையைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் உள்ள வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் போக்குவரத்தே நின்றுபோனதை மறந்திருக்க மாட்டோம். 2021 அக்டோபரில் அணையை இடிக்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் ஒரு பிரசாரம் கிளம்பியது. பிரபல நடிகர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். தேனியில் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. கடைசியில் முதலமைச்சர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்தில் சட்டசபையில் எழுந்து, அணைக்கு உடனடி அபாயம் எதுவும் இல்லை, பீதி கிளப்புபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அணையின் பலத்தைப் பொறியாளர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் எல்லையின் இரு பக்கமும் உறவினர்கள் இருக்கிற நம் போன்றவர்களுக்கு, ஒரு ஃபார்வர்டு எத்தனை வீடுகளின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது அனுபவத்தில் தெரியும்.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வத்தைக் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் போனது. போளூருக்கு அருகே ஒரு கிராமத்தில் வழி கேட்க நின்றார்கள். 65 வயது அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடியது. அந்த அம்மாள் அடித்துக் கொல்லப்பட்டார். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளைக் கண்டால் மிட்டாய் கொடுக்காத பாட்டி நம்மில் யார்? வடஇந்தியாவிலும் இதே போன்ற கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அப்படியானால் சட்டம் போட்டு அடக்கிவிடலாமே என்று தோன்றும். அதையும் இங்கே செய்து பார்த்தாயிற்று. கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு சேர்த்து, 2015 மார்ச் 24-ந் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. பிறகு 2020 செப்டம்பரில், பெண்களை இழிவாகப் பேசி வீடியோ போட்ட ஒருவரை, அவர் இருப்பிடத்துக்கே போய்ச் சில பெண்கள் தட்டிக்கேட்ட சம்பவம் திருவனந்தபுரத்தில் நடந்தது. அவர்கள் பட்ட வேதனை உண்மையானது. அந்தச் சூழ்நிலையில் நவம்பரில் 118ஏ என்ற புதிய பிரிவு அவசரச் சட்டமாக வந்தது. பிறரை அவமதிக்கும்படி எதையாவது வெளியிட்டால் மூன்று வருடம் வரை சிறை என்றது அது. பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சிகளும் ஆளும் தரப்பினரிலேயே சிலரும் எதிர்த்தார்கள். சில நாட்களுக்குள் அரசாங்கமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1910-ல் மகாராஜாவின் ஆணை நிலைத்து நின்றது. 2020-ல் ஜனநாயகம் ஒரு வாரத்துக்குள் தன்னைத் திருத்திக்கொண்டது. இதை ஒரு முன்னேற்றம் என்றே நான் எண்ணுகிறேன்.

இனி வரப்போகும் காலம் எப்படி? அடையாளங்கள் இப்போதே தெரிகின்றன. 2023-ல் கோழிக்கோட்டில் பணி ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. முகம் அவருடையது, குரல் அவருடையது. அவசரமாக 40,000 ரூபாய் கேட்டார், இவரும் அனுப்பினார். அது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி முகம் என்று பிறகுதான் தெரிந்தது. பெயரில்லாத செய்தி என்ற கட்டம் போய், திருடிய பெயரில் வரும் செய்தி என்ற கட்டத்துக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்க, தனியாகக் கைப்பேசியோடு வாழும் முதியவர்கள் நம் சமூகத்தில் அதிகம். இந்த வலை அவர்களை நோக்கித்தான் முதலில் வீசப்படும்.

இதற்கு மருந்து அரசாங்கத்திடம் பாதிதான் இருக்கிறது. மறு பாதி நம் கட்டைவிரலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு ஊருக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர் தீர்மானித்தார். தப்பு செய்தால் சிறையோ, நாடு கடத்தலோ, நூறு வருடப் பழியோ அவர் தலையில் விழுந்தது. இன்று ஃபார்வர்டு பொத்தானை அமுக்கும் ஒவ்வொருவரும் ஆசிரியர்தான். அந்தப் பதவி கேட்காமலே நமக்குக் கிடைத்துவிட்டது, அதோடு வந்த பொறுப்பைத்தான் யாரும் ஏற்கவில்லை.

ஆகவே அங்கத்தினர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒரு செய்தி கையில் வந்ததும், இதன் கீழே என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி நம் காலாண்டிதழுக்கு அனுப்பச் சம்மதிப்பேனா என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது நம்மோடு நிற்கட்டும். பணம் கேட்டு யாருடைய முகம் திரையில் வந்தாலும், வைத்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு நாமே கூப்பிட்டுப் பேசுவோம். இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பிள்ளைகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதே பொறுமையோடு பெரியவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.