வயர்லெஸ்ஸின் சுமை

பெங்களூரின் நீலசந்திராவுக்குப் பக்கத்தில் அக்ரம் ராணுவ நிலங்கள் இன்றும் பரந்து கிடக்கின்றன. 1809இல் இந்நகரில் தண்டு எனப்படும் படைக் குடியிருப்பு அமைந்தபின், மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் அதைச் சுற்றிய பேட்டைகளில் குடியேறினார்கள். சிப்பாய்க்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், வண்டி ஓட்டியவர் இல்லாமல் எந்தப் படையும் நகர்ந்ததில்லை. போர்க்கள வயர்லெஸ்ஸுக்கும் அதே கதைதான். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அது தனிப் பெட்டியாக நிற்கிறது. களத்தில் அது ஒருநாளும் தனியாக நின்றதில்லை. பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் எஞ்சின், இரண்டையும் சுமக்கும் முதுகு, பழுது பார்க்கும் கை, கெட்டுப்போன வால்வுக்கு மாற்று வால்வு, இத்தனையும் சேர்ந்ததே வயர்லெஸ். இவற்றில் ஒன்று அறுந்தாலும் பெட்டி ஊமைதான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் இருந்த கருவிகளைப் பார்த்தால் இது விளங்கும். காலாட்படைக்கான 18ஆம் எண் செட் முதுகில் சுமக்கும் வகை. எடை சுமார் 15 கிலோ, பேச்சு எட்டும் தொலைவு சில மைல்தான். உலர் பேட்டரி தீர்ந்தால் புதியது வந்து சேரவேண்டும். அதைவிடப் பெரிய 22ஆம் எண் செட்டுக்கு 12 வோல்ட் ஈய பேட்டரிகள் தேவை. அவற்றுக்குச் சார்ஜ் போட எஞ்சின், எஞ்சினுக்குப் பெட்ரோல். பர்மாவின் மழையும் புழுக்கமும் கருவிக்குள் பூஞ்சை பிடிக்கவைத்தன. ஈரம் தாங்கும் பூச்சு பூசி, மூட்டுகளை அடைத்துச் செட்டுகளை வெப்பநாட்டுக்கு ஏற்ப மாற்றவேண்டி வந்தது. 1944இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் வான்வழி இறங்கிய பிரிட்டிஷ் படையினரின் வயர்லெஸ், மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையில் பல இடங்களில் எட்டாமல் போனது. சிப்பாய்கள் தரையில் போட்ட கம்பியையும் ஓடிச் செய்தி சொல்லும் ஆளையும் கைவிடாததற்குக் காரணம் பழமைப் பற்று அல்ல, அனுபவம்.

வயர்லெஸ் இல்லாமல் 1943இல் பர்மாவில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிந்திட் அணிகள் ஜப்பானியர்களின் பின்புறம் நுழைந்திருக்கவே முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். காட்டுக்குள் உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து விழ, எங்கே போடவேண்டும் என்பதைச் சொன்னது வயர்லெஸ்தான். ஆனால் பெரிய செட்டுகளையும் சார்ஜ் எஞ்சின்களையும் சுமந்தவை கோவேறு கழுதைகள். சேதி அனுப்ப அணி நின்று, ஏரியல் கட்டி, மோர்ஸ் தட்டவேண்டும். திரும்பும் வழியில் செட்டை இழந்த அணிகளுக்கு விமான உதவியும் அற்றுப்போனது. ஆக, சிந்திட்களின் கதை இந்த வாதத்தை மறுக்கவில்லை. கழுதை வரைக்கும் நீட்டிக் காட்டுகிறது.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஆலை. விடுதலைக்குப் பின் இந்தியப் படையிடம் இருந்த செட்டுகள் பெருமளவும் போர்க்காலத்து மிச்சம்; வால்வுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்கும் நாட்டுக்குச் சொந்தக் குரல் இருப்பதாகச் சொல்லமுடியாது. இந்தக் குறையை நீக்கத்தான் 1954இல், பிரான்சின் சி.எஸ்.எஃப். நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, பெங்களூரின் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொடங்கப்பட்டது. ஆலை வந்து எட்டு ஆண்டு கழித்து, 1962இல் சீனாவுடனான போரில் நம்கா சூ ஆற்றங்கரையில் தகவல் தொடர்பு ஏன் குலைந்தது என்பது நியாயமான கேள்வி. அக்டோபர் 20 அன்று சீனர்கள் தொலைபேசிக் கம்பிகளை அறுத்துவிட, முன்னணி நிலைகள் தலைமையகத்தோடு பேச முடியாமல் தவித்தன; அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு வயர்லெஸ் கைவசம் இல்லை. ஆலைக் கதவைத் திறந்த அன்றே களத்துக்குச் செட் போய்விடாது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் ரிசீவர் வால்வு உற்பத்தி தொடங்கியதே 1961இல்தான். அதற்குமேல் ஆள் பழகவேண்டும், பேட்டரியை மலைமேல் ஏற்றவேண்டும். 1962 காட்டியது ஆலையின் தோல்வியை அல்ல, அது வரத் தாமதமானதன் விலையை.

பெங்களூரின் மின்னணுத் தொழிலைக் கணினி நிறுவனங்களிலிருந்து எழுதத் தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. தொலைபேசிக்கு 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகமான ஐ.டி.ஐ., வயர்லெஸ்ஸுக்கு 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று பார்த்தால் வேர் வேறிடத்தில் இருப்பது தெரியும். ஜாலஹள்ளியில் வால்வு பொருத்திய தொழிலாளியையும் முன்னணியில் செட்டைத் தூக்கிய சிப்பாயையும் ஒரே வரலாற்றில் எழுதவேண்டும். தொழில் வரலாறு, படை வரலாறு என்று பிரித்தால் இரண்டும் பாதியாகவே நிற்கும்.