நுகர்வு உணர்வு: பாலூட்டிகளில் அதன் வளர்ச்சியும், மனிதரில் அது குறையும்போது கவனிக்க வேண்டியவையும்

பார்வை மங்கினாலோ காது கேட்கவில்லை என்றாலோ நாம் உடனே மருத்துவரை நாடுகிறோம். மணம் தெரியவில்லை என்பதற்காகவே மருத்துவமனைக்கு வருவோர் மிகச் சிலர். பலரும் வேறொரு குறைக்காக வந்து, புறப்படும் நேரத்தில்தான் இதைச் சொல்கிறார்கள். நுகர்வு உணர்வு உடலில் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்துகொண்டால், எந்த இழப்புக்குப் பொறுமை போதும், எதற்கு மருத்துவர் தேவை என்பது உங்களுக்கே ஓரளவு விளங்கும்.

மூக்கின் உட்கூரையில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள ஒரு மெல்லிய படலத்தில், நுகர்வு நரம்பணுக்கள் இலட்சக்கணக்கில் அமைந்துள்ளன. காற்றில் வரும் மணப்பொருளின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இவற்றில் உள்ளன. இந்த அணுக்களின் நுண்ணிய இழைகள், மண்டையோட்டின் அடித்தளத்தில் சல்லடை போன்று துளைகள் கொண்ட எலும்பின் வழியே சென்று, மூளையின் நுகர்வுக் குமிழை அடைகின்றன. அங்கிருந்து செய்தி, நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளுக்கு நேரடியாகச் செல்கிறது. ஒரு மணம் பழைய நினைவை உடனே எழுப்புவதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

உடலில் வெளிக்காற்றோடு நேரடித் தொடர்பில் உள்ள நரம்பணுக்கள் இவையே. தூசியும் கிருமிகளும் இவற்றைத் தொடர்ந்து தாக்குகின்றன. அதனால் பழைய அணுக்கள் அழிய, படலத்தின் அடியிலுள்ள மூல அணுக்களிலிருந்து புதியவை வாழ்நாள் முழுவதும் தோன்றுகின்றன. பொதுவாக நரம்பணுக்கள் அழிந்தால் மீண்டும் உருவாவதில்லை. நுகர்வு நரம்பணுக்கள் இதற்கு அரிய விதிவிலக்கு. இழந்த மணம் பலருக்குத் திரும்புவது இதனால்தான்.

பாலூட்டிகளில் நுகர்வின் வரலாறு

சீனாவில் கிடைத்த, சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மிகச் சிறிய விலங்குகளின் மண்டையோட்டுப் புதைபடிவங்களை சி.டி. ஸ்கேன் மூலம் ஆராய்ந்தவர்கள், 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பாலூட்டிகளின் மூதாதையரில் மூளை பெரிதானபோது முதலில் விரிவடைந்தவற்றுள் நுகர்வுக்குரிய பகுதிகள் முதன்மையானவை என்பதே அது. இரவில் நடமாடிய சிறு உயிர்களுக்குக் கண்ணை விட மூக்கே துணையாக இருந்திருக்கும்.

நுகர்வு ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகியோர் 1991-இல் கண்டறிந்தனர். 2004-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். செயல்படும் ஏற்பி மரபணுக்கள் மனிதரில் ஏறத்தாழ 400, எலியில் சுமார் 1,100, ஆப்பிரிக்க யானையில் 2,000-க்கு அருகில் உள்ளன. நீரில் வாழத் தலைப்பட்ட டால்பின்களோ நுகர்வுக் குமிழையே இழந்துவிட்டன. இந்த எண்களைக் கொண்டு மனித மூக்கு மழுங்கியது என்று கருதுவது சரியன்று. சமையல் எரிவாயுவில் மணத்திற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன், நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும்.

கருவறையிலிருந்து தாய்மடி வரை

முயல் தன் குட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். கண் திறவாத குட்டிகள் அந்நேரத்திற்குள் முலைக்காம்பைக் கண்டடைவது, பாலில் உள்ள ஒரு மணப்பொருளின் துணையால்தான். மனிதக் குழந்தைக்கும் இத்தகைய வழிகாட்டல் உண்டு. தாய் உண்ணும் பூண்டின் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவி, பிறந்த குழந்தையை இரண்டிற்கும் நடுவே கிடத்தினர். 30 குழந்தைகளில் 22 குழந்தைகள் கழுவாத மார்பையே நாடின. எனவே முதல் பாலூட்டலுக்கு முன் மார்பை சோப்பினால் கழுவவோ, நறுமணப் பொருள் பூசவோ வேண்டாம். பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் தோலோடு சேர்த்துக் கிடத்துவது நல்லது.

கரு வளர்ச்சியின் ஐந்தாம் வார அளவில் முகத்தின் இருபுறமும் தடித்துத் தோன்றும் சிறு பகுதிகளே பின்னர் நுகர்வுப் படலமாகின்றன. பருவமடைதலைத் தூண்டும் இயக்குநீரைச் சுரக்கும் அணுக்களும் அங்கிருந்தே மூளைக்குப் பயணம் செய்கின்றன. இப்பயணம் தடைப்பட்டால், பிறவியிலேயே மணம் அறியாமையும் பருவமடைதல் தாமதமும் சேர்ந்து ஏற்படலாம். இதற்குக் கால்மன் நோய்க்குறி என்று பெயர். பூவின் மணமோ சாம்பாரின் மணமோ என்றுமே அறியாத பிள்ளைக்கு, பெண்ணாயின் 13 வயதிலும் ஆணாயின் 14 வயதிலும் பருவ மாற்றங்கள் தொடங்கவில்லை என்றால், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திராமல் மருத்துவரை அணுகவும். இயக்குநீர்ச் சிகிச்சையால் பருவ வளர்ச்சியை ஏற்படுத்த இயலும்.

மணம் தெரியாமல் போனால்

சளி, மூக்கடைப்பு, மூக்கினுள் சதை வளர்ச்சி ஆகியவற்றில் மணம் படலத்தைச் சென்றடைவதில்லை. இவற்றைச் சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்யலாம். கோவிட்-19 தொற்றில் முதன்மையாகத் தாக்கப்படுபவை நரம்பணுக்கள் அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள். ஆதலால் பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. தலையில் அடிபட்டு நரம்பிழைகள் அறுந்திருந்தால் மீட்சி மெதுவாகவும் அரைகுறையாகவும் இருக்கும். அடிபட்ட பின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால், அது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லவும். முதுமையில் நுகர்வு படிப்படியாகக் குறைவது இயல்பு. ஆயினும் பார்க்கின்சன் நோயில் கை நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே இது குறையக்கூடும் என்பதால், மருத்துவரிடம் தெரிவிப்பது நன்று.

மீட்சியின்போது காபியும் வதக்கிய வெங்காயமும் துர்நாற்றமாகத் தோன்றுவது உண்டு. பராமரிப்பவர்கள் இதை வீண் பிடிவாதம் என எண்ண வேண்டாம். சூடு ஆறிய, வறுக்காத உணவுகளைக் கொடுத்துப் பாருங்கள். சுவை குன்றியதால் முதியோர் உப்பையும் சர்க்கரையையும் கூட்டிக்கொள்வதைக் கவனிக்கவும்; இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோருக்கு இது தீங்காகும்.

வீட்டிலேயே நுகர்வுப் பயிற்சி செய்யலாம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சுமார் 20 நொடிகள், அதன் மணத்தை நினைவுகூர்ந்தவாறு முகர வேண்டும். குறைந்தது 12 வாரங்கள் தொடரவும். தைலத்தை மூக்கினுள் விடக்கூடாது. சளி நீங்கிய பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் மணம் தெரியவில்லை என்றாலோ, காரணமின்றித் திடீரென மறைந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணவும்.

மணம் அறியாதவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி பொருத்துவது நல்லது. இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடவும். பால், மீன், மீந்த உணவு ஆகியவற்றை மற்றொருவர் முகர்ந்து பார்த்த பின்னரே பயன்படுத்தவும். கசிவு என ஐயம் எழுந்தால் மின்விசைகளைத் தொடாமல், சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணை அழைக்கவும்.