மூன்று வருஷக் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில், சாய்வு மூடி போட்ட ஒரு கணக்குப் பெட்டிக்கு விலை கேட்டேன். "பர்மாப் பெட்டி தம்பி. இதும் முன்னாடி உக்காந்தவன் மூணு வருஷத்துக்கு வீட்டுப் பக்கம் வரமாட்டான்" என்றார் கடைக்காரர். விற்பதற்காகச் சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்றது. மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் மூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு அப்போதுதான் நான் ஊர் திரும்பியிருந்தேன்.

நகரத்தார் அதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ மோல்மீனிலோ இருக்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் மேலாள் ஆவான். பேச்சு மூன்று வருஷத்துக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். தவணை முடிந்து ஐந்தொகை சரியாக வந்தால் லாபத்தில் பங்கு உண்டு. மனைவி கூடப் போக முடியாது. ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும், ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய். பகலில் எங்கே உட்கார்ந்து கடன் கொடுத்தார்களோ, ராத்திரி அங்கேயேதான் தூக்கம்.

நண்பனின் அப்பத்தா ஒருத்தர், ஊருக்கே ஆச்சி. அவரிடம் இதைக் கேட்டபோது சிரித்தார். "எங்க அப்பச்சியை நான் மொதல்ல பார்த்தப்ப எனக்கு ரெண்டரை வயசு. யாரோன்னு பயந்து அப்பத்தா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அவுக பொட்டியைத் திறந்து பொம்மையை எடுத்துக் காட்டுனாக. அப்பவும் வரலையாம்."

ஆனால் இதை வெறும் சோகக் கதையாகச் சொன்னால் பொய்யாகிவிடும். இருபத்தைந்து வயதில் ஒருவன் கையில் முதலாளியின் அதிகாரப் பத்திரம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு, எந்த வட்டிக்கு என்பதையெல்லாம் அவனே தீர்மானிக்கிறான். பங்குப் பணத்தைக் கடையிலேயே வட்டிக்குப் போட்டு வைத்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்து முதலாளி ஆனவர்கள் உண்டு. எனக்கும் அந்த ருசி தெரியும். இருபத்து மூன்று வயதில், நான் எக்செல்லில் போட்ட கணக்கை வைத்து ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் வாதம் செய்தபோது உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு ஆபீஸ் டாக்ஸியில் போகும்போது கடலோரச் சாலையே எனக்காகப் போட்டது போல இருக்கும். அப்பாவின் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பிட்ச் புக்கில் எண்களைத் திருத்திக்கொண்டிருந்ததும் நான்தான். "போனஸ் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோடா" என்பான் பக்கத்து சீட்காரன். பணத்தைக் கடைசியில் கொடுப்பது ஏன் என்று மொகல் தெரு முதலாளிகளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த வேலையின் கெடுதி தூக்கம் போவது மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பர்மா வரலாற்றைப் படித்த பிறகு அந்த நினைப்பு போயிற்று. 1929-30 இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். ஐராவதி டெல்டாவின் சதுப்பு நெல்வயலாக மாறியதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் கடைகளின் பேருக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938 இல் 25 சதவீதம். மேலாள் யாரும் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவரில்லை, அவருக்கு வேண்டியது ரொக்கம். ஆனாலும் பேரேட்டில் 'பற்று' என்றிருந்த ஒரு வரி தீர்ந்தபோது, அங்கே ஒரு குடும்பம் சொந்த வயலில் குத்தகைக்காரனாகியிருந்தது.

நான் போட்ட இணைப்புக் கணக்குகளில் 'செலவுச் சேமிப்பு' என்று ஒரு வரி வரும். இரண்டு கம்பெனிகள் ஒன்றானால் எத்தனை பேர் தேவையில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கட்டத்தில் எண்ணைக் கூட்டினால் விலை ஏறும், மேலே இருப்பவர் சந்தோஷப்படுவார். மூன்று வருஷத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஒரு முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மேலாளாவது விவசாயியை எதிரில் உட்கார வைத்துப் பேசியிருப்பார்.

ப. சிங்காரம் இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர், 1938 இல் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். 'கடலுக்கு அப்பால்' செல்லையாவைப் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.

1942 இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. தப்பித்தவர்களில் பலர் காட்டு வழியே நடந்து வந்தார்கள். 1948 இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. ஆச்சியின் அப்பச்சி அதற்கப்புறம் போகவில்லை. "ஊரோட இருந்தாக. ஆனா என்ன பேசுறதுன்னு அவுகளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பத்திரத்தை எடுத்துத் தொடச்சு வெப்பாக" என்றார் ஆச்சி.

பெட்டிக்குக் கடைக்காரர் 9,000 சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினேன். மூடியின் உள்பக்கம் பென்சிலில் யாரோ மாசங்களைக் கோடு போட்டு எண்ணியிருக்கிறார்கள். முப்பத்தொன்றோடு நிற்கிறது.