சுவரில் நிலைபெறும் எழுத்து: சிங்கப்பூர்க் கடைவீடுகளும் பெயர்ப்பலகைகளும்

ஒரு கடையின் பெயர்ப்பலகையைக் காணும்போது, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது, எம்மொழியில் எழுதப்பட்டுள்ளது, பிழையின்றி அமைந்துள்ளதா என்று நாம் வினவுகிறோம். மொழி பயில்வோர்க்கு இவை உரிய வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. அவ்வெழுத்து சுவரில் எவ்வாறு நிற்கிறது? இதனைக் கைவினைஞர்க்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிட இயலாது. சுவரில் எழுத்து நிற்கும் முறையே, அது எத்தனை காலம் வாழும் என்பதையும் கீழே நடப்போர்க்குத் தீங்கின்றி இருக்குமா என்பதையும் முடிவு செய்கிறது.

நகரங்கள் இவ்வுண்மையை விபத்துகளின் வழியே கற்றன. இலண்டன் கடைக்காரர்கள் கனத்த பலகைகளை இரும்புக் கைகளில் மாட்டித் தெருவின்மேல் நீளத் தொங்கவிட்டனர். 1718-ஆம் ஆண்டு பிரைடு லேன் என்னும் தெருவில் அத்தகைய பலகை ஒன்று தன் பாரத்தால் கட்டட முகப்பையே இழுத்துச் சாய்த்தது, நால்வர் மாண்டனர். 1762-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, தொங்கும் பலகைகள் அகற்றப்பட்டன அல்லது சுவரோடு ஒட்டிப் பொருத்தப்பட்டன.

சிங்கப்பூரில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. ராஃபிள்ஸ் 1822-ஆம் ஆண்டு வகுத்த நகர அமைப்பு விதிகளின்படி, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட தொடர் நடைபாதை அமைய வேண்டியிருந்தது. அதுவே ஐந்தடி நடைபாதை. நம் முன்னோர் வழக்கில் ‘அஞ்சடி’. இதனால் கடைவீட்டின் முகப்பில் பெயருக்கு உரிய இடங்கள் சிலவே எஞ்சின: நடைபாதைத் தூண்கள், அவற்றுக்கு மேலுள்ள உத்தரப் பகுதி, உள்ளே வாயிலின் மேற்புறம்.

அச்சுவர்கள் செங்கல்லால் எழுப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. சாந்துக் கலையில் தமிழகத் தொடர்பும் இந்நகருக்கு உண்டு. 1856-இல் கட்டத் தொடங்கிய புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களுக்கு ‘மெட்ராஸ் சுனாம்’ பூசியவர்கள் இந்தியக் கைதிகளே. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த பூச்சு அது. ‘சுனாம்’ என்னும் சொல்லில் நம் ‘சுண்ணம்’ ஒலிப்பதைக் காண்க.

பழைய கடைவீடுகளில் சாந்தாலேயே புடைப்பாக வார்த்த சுதை எழுத்துகளை இன்றும் காணலாம். அவற்றுக்கு ஆணி இல்லை. அவை சுவரின் உடலாகவே ஆனவை. கடைக்காரர் மறைந்த பின்னும், வணிகம் மாறிய பின்னும் அவர் பெயர் அங்கேயே நிற்கிறது. சீன எழுத்து மேலிருந்து கீழாக எழுதத் தக்கது. ஆகவே ஒடுங்கிய தூண் அதற்கு இயல்பான ஏடாயிற்று. தமிழ் எழுத்தோ அகலம் வேண்டுவது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் மெய்யின் இருபுறமும் உயிர்க்குறி நிற்பதால், அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரித்து அடுக்க இயலாது. எனவே தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் கிடைநிலைப் பலகையையே நாடின. பலகையோ கழற்றத் தக்கது. வாடகைதாரர் வெளியேறும் நாளில் தமிழும் உடன் வெளியேறிவிடும்.

பலகையைச் சுவரில் நிறுத்தும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. செங்கல்லில் துளையிட்டு, மர முளையை அடித்து, அதில் ஆணி இறக்குவது பழைய முறை. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், பிடி தளரும். 1911-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஜான் ராலிங்ஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களைச் சிதைக்காமல் மின் பொருள்களைப் பொருத்தும் பொருட்டுச் சணல் நாராலான முளையை உருவாக்கினார். திருகாணி உட்செல்ல, முளை விரிந்து துளையின் பக்கங்களை இறுகப் பற்றும். 1958-இல் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர் அதனை நைலானில் அமைத்தார். பொருள் மாறினும் விதி மாறவில்லை: முளை பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் ஊன்ற வேண்டும். பூச்சை மட்டும் நம்பிய ஆணி பூச்சோடு சேர்ந்தே விழும்.

பலகையின் எடை கீழ்நோக்கி இழுக்க, காற்று அதனை வெளிநோக்கிப் பிடுங்குகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்பொழுதில் வீசும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 80 கிலோமீட்டரையும் எட்டக்கூடும். அவ்வேகக் காற்று, தன்னை நேரே எதிர்கொள்ளும் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் உடைய பலகைக்கு அது 180 கிலோவாகும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்மடங்காகும். மேலும், உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருவேறிப் பருக்கும்போது சுற்றியுள்ள செங்கல்லையே பிளந்துவிடும். ஆகவேதான் துருவேறா எஃகு ஆணிகள் விரும்பப்படுகின்றன.

தமிழ் எழுத்துக்கு இங்கே தனிச்சிக்கல் ஒன்று உண்டு. இன்று பல கடைகள் உலோகத்திலோ அக்ரிலிக்கிலோ வெட்டிய தனித்தனி எழுத்துகளைச் சுவரில் பதிக்கின்றன. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லில் எழுத்துகள் ஆறு. வெட்டினால் துண்டுகள் ஒன்பது. மிகுந்த மூன்றும் புள்ளிகள். சிறிய துண்டாகையால் புள்ளிக்குப் பெரும்பாலும் ஒரே ஊசியாணிதான் வாய்க்கும். முதலில் உதிர்வதும் அதுவே. புள்ளி உதிர்ந்தால் ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமெனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை கிழியுமென அஞ்சி ஏடெழுதியோர் அதனை விடுத்தனர். கல்வெட்டுகளிலும் அது பலகாலும் இல்லை. அச்சு மீட்டுத் தந்த புள்ளியைச் சுவர் மீண்டும் இழக்கலாகாது. எல்லாத் துண்டுகளையும் ஓர் அடித்தகட்டில் பிணைத்து, அத்தகட்டைச் சுவரில் ஊன்றுவது தக்க தீர்வு. புள்ளியும் காக்கப்படும், பழஞ்சுவரில் இடும் துளைகளும் குறையும்.

பின்னதும் சிறு பயனன்று. 1989-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவை பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே பெயர்ப்பலகை சாளரங்களையும் தூண் அழகையும் மறைத்தலாகாது. சுவரே மரபுச் செல்வமாகிவிட்ட இடத்தில், தமிழை ஏற்றும் கையும் அச்சுவரை அறிந்த கையாக இருத்தல் வேண்டும்.

நம் அரசியலமைப்பு தமிழை அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. தெருவில் அம்மொழியைத் தாங்குவன சில முளைகளும் ஆணிகளுமே. ஆசிரியர்கள் மாணவர்களைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் செல்லும்போது, பலகைகளின் சொற்பிழைகளோடு உதிர்ந்த புள்ளிகளையும் குறித்துவரச் செய்யலாம். படமெடுத்து, இடமும் நாளும் எழுதிவைக்கச் செய்யலாம். புள்ளி உதிர்ந்த பலகையில் ஆணிகளும் தளர்ந்திருக்கக்கூடும். அதனைக் கடைக்காரரிடம் பணிவுடன் எடுத்துரைக்கும் மாணவர், ஒரே சொல்லால் எழுத்தையும் அதன்கீழ் நடப்போரையும் காத்தவராவார்.