காங்கேசன்துறை வெளிச்சவீடு

தெல்லிப்பழையிலிருந்து மாவிட்டபுரம் வழியாக வடக்கு நோக்கிச் சுமார் 3 மைல் சென்றால் கடல் வந்துவிடும். அக்கரையிலே நிற்பது காங்கேசன்துறை வெளிச்சவீடு. நமது முதியோருக்கு அது நாள்தோறும் கண்ட பொருள். எம் போன்ற இளைஞருக்கோ அது பெரும்பாலும் காதாற் கேட்ட பொருள். கண்டவர்க்கும் கேட்டவர்க்கும் இடையே விழுந்துள்ள இந்த இடைவெளியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கலங்கரை விளக்கம் என்பது தமிழருக்குப் புதியதன்று. 'கரைதல்' என்றால் அழைத்தல். ஆகவே கலங்களை அழைக்கும் விளக்கம் என்று இச்சொல்லுக்குப் பொருள் கூறுவோர் உளர். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், ஏணி சாத்திய உயர்ந்த மாடமொன்றின் உச்சியில் இரவிலே தீ ஏற்றிக் கலங்களை அழைத்த காட்சியைக் காட்டுகிறார். அதற்கும் முன்னர், கி.மு. 3 ஆம் நூற்றாண்டில், எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் 300 அடிக்கு மேற்பட்ட கோபுரமொன்று எழுந்தது. அதன் அடி சதுரம், நடு எண்கோணம், முடி வட்டம் என்பர்.

காங்கேசன்துறையும் பழைய துறையே. முன்னர் கயாத்துறை எனப்பட்ட அவ்விடத்தில், மாவிட்டபுரம் ஆலயத்துக்குரிய காங்கேயப் பெருமானின் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே இன்றைய பெயர் வழங்கலாயிற்று என்பது ஐதிகம். அத்துறையில் இன்று நாம் காணும் வெளிச்சவீடு 1893 ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலே கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ஏனைய பெரிய வெளிச்சவீடுகளான பருத்தித்துறையும் காரைநகர்க் கோவளமும் 1916 இல் எழுந்தவை. ஆகவே இது அவ்விரண்டுக்கும் 23 ஆண்டு மூத்தது. காங்கேசன்துறைக்குப் புகைவண்டி வந்ததும் 1902 இலேதான்.

இத்துணை உயரமான கோபுரம் ஏன் வேண்டும்? யாழ்ப்பாணம் மலையில்லா நாடு. கடலில் வருவோனுக்கு நமது கரை பனைகளின் ஒரு கறுப்புக் கோடாகவே தோன்றும். எது எந்த ஊர் என்று அறிதல் அரிது. பாக்கு நீரிணையோ ஆழம் குறைந்தது. கரையோரம் முருகைக்கல்லும் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வழி தவறிய தோணிக்கு இடமறிதல் உயிர்ப் பிரச்சினையாகும். ஆதலால் வெளிச்சவீடு இரவில் ஒளியாலும் பகலில் தன் உருவத்தாலும் தொழில் செய்கிறது.

இதன் உயரம் சுமார் 72 அடி. பூமி உருண்டையாதலால் எந்த விளக்கும் ஓரெல்லைக்கு அப்பால் கடலுக்குக் கீழே மறைந்துவிடும். விளக்கின் உயரத்தை அடியிற் கொண்டு, அதனை ஒன்றரையாற் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் அவ்வெல்லை மைலிற் கிடைக்கும். 72 அடிக்கு அது பத்து மைலுக்குச் சற்று அதிகம். மாலுமி கப்பலின் மேற்றளத்தில் நின்றால் இன்னும் சில மைல் கூடும். எனினும் ஏறத்தாழ 35 மைலுக்கு அப்பாலுள்ள கோடிக்கரைக்கு அவ்வொளி எட்டாது. அக்கரையிலிருந்து வருபவன் நடுக்கடலின் இருளைத் தானே கடந்த பின்னரே இவ்விளக்கு அவனுக்குக் கைகொடுக்கும்.

கோபுரம் எண்கோண வடிவினது. சதுரக் கோபுரத்தின் அகன்ற சுவர் காற்றை முழு வேகத்தோடு எதிர்க்க வேண்டும். எண்கோணத்திலே அவ்வேகம் பக்கங்களால் வழுவிப்போகும். வட்டச் சுவரிலும் பார்க்க நேரான முகங்களைக் கட்டுதல் கொத்தனுக்கு எளிது. உச்சியிலே விளக்கறையும், அதனைச் சுற்றி நடைமேடையும் உள்ளன. இனி, விளக்கின் சுடரொளி நாற்புறமும் சிதறுவது இயல்பு. வானுக்கும் நிலத்துக்கும் வீணாகப் போகும் அவ்வொளியைக் கண்ணாடிப் பட்டகங்களால் மடக்கிக் கடல் நோக்கி அனுப்பும் வில்லையைப் பிரான்சியரான பிரெனெல் அமைத்தார். 1823 இல் கோர்டுவான் வெளிச்சவீட்டில் முதலில் ஏறிய அவ்வில்லை, பின்னர் உலகெங்கும் பரவியது.

எங்கள் அம்மம்மா சொல்வார்: "பொழுதுபட்டா பனை வட்டுக்கு மேலால வெளிச்சவீடு தெரியும். அதைக் கண்ட பிறகுதான் ஆச்சி மாடத்து விளக்கை ஏத்துவா." கப்பலுக்கென ஏற்றிய விளக்கு வீட்டுக்கும் வேளை காட்டியது!

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். கரை உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. போர்க்காலத்தில் வெளிச்சவீடும் அணைந்தது. மாடத்து விளக்குகளும் அணைந்தன. அந்த இருளிலே பிறந்தது எமது தலைமுறை. 2015 சனவரியில் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. வண்டியும் கப்பலும் தாமாகத் திரும்பலாம். நினைவு தானாகத் திரும்பாது.

ஆதலின் சங்கத்து இளைஞர்களே, அவ்வெளிச்சத்தைக் கண்ணாற் கண்ட பெரியோர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இவ்வாண்டு முடியுமுன் ஒவ்வொருவரும் ஒருவரிடமேனும் கேட்டு எழுதி வையுங்கள். பெரியோர்களே, நாங்கள் கேட்குமுன்னரே சொல்லத் தொடங்குங்கள். கோபுரத்தைக் காப்பதற்கு அனுமதியும் பணமும் வேண்டும். அதன் கதையைக் காப்பதற்கு ஒரு கொப்பியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.