ஓட்ஸ் கஞ்சியும் கறுப்பு பீரும்

ஆரணிப் பட்டு என்றவுடன் அதன் நிறமும் சரிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. கஞ்சி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அவ்வூர் நெசவாளர்களைக் கேட்டுப் பாருங்கள். கஞ்சி இல்லாமல் பாவு இல்லை என்பார்கள். தெருவில் நெடுக நீட்டிக் கட்டிய பாவின்மேல் அரிசிக் கஞ்சியைத் தெளித்துத் தடவுகிறார்கள். அது காய்ந்ததும் இழைகளுக்கு ஒரு விறைப்பும் வழவழப்பும் வந்துவிடும். தறியில் இழை அறுவது குறையும். அதே ஊரில் ஆடி மாதம் பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்து, நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்துச் சின்ன வெங்காயத்துடன் குடிக்கும் கூழ் அது.

தானியத்திலிருந்து ஒரு குழைவை எடுத்து, நூலுக்கும் நாவுக்கும் கொடுப்பது நம் நாட்டில் இப்படிப் பழகிப்போன வேலை. ஏறத்தாழ இதே வேலையை, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஓட்ஸ் என்னும் தானியத்தைக் கொண்டு ஒரு கறுப்பு பீரில் செய்து பார்த்தார்கள். அதற்கு ஓட்ஸ் ஸ்டவுட் என்று பெயர். அது பிறந்தது, மருந்தென்று போற்றப்பட்டது, பிறகு அடியோடு மறைந்தது, மறைந்த சில ஆண்டுகளில் மீண்டும் உயிர் பெற்றது. ஒரு சுவை சாவதும் பிழைப்பதும் எப்படி என்று அறிய விரும்புவோர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மதுவைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். ஆரணி அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டம், 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் எட்டிய மாவட்டம் என்பதும் நினைவில் இருக்கிறது. மதுவின் எந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்துவிட்டது. ஆகவே இக்கட்டுரை குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று. சுவையை எப்படி ஆராய்வது என்பதே நம் பேச்சு. அதைக் கூழை வைத்தும் செய்யலாம் என்பதை இறுதியில் காண்பீர்கள்.

முதலில் கறுப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு நிற பீருக்குப் போர்ட்டர் என்று பெயர். போர்ட்டர் என்றால் சுமை தூக்குபவர்தானே! அதில் காரம் கூடிய வகையை ஸ்டவுட் போர்ட்டர், அதாவது வலுத்த போர்ட்டர் என்றார்கள். நாளடைவில் பின்சொல் உதிர்ந்து, ஸ்டவுட் என்ற முன்சொல் மட்டும் நின்றது. பார்லியை முளைக்கட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதைப் போலச் சுழலும் உருளையில் இந்த மால்ட்டைக் கருகாமல் கறுப்பாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அன்றுமுதல் ஒரு கைப்பிடி வறுத்த மால்ட்டே ஒரு பெரிய தொட்டி பீரைக் கறுப்பாக்கப் போதுமானதாயிற்று. காப்பி மணமும் சற்றே கசந்த சாக்லெட் மணமும் ஸ்டவுட்டில் இருப்பதாகச் சொல்லுகிறார்களே, அது கற்பனை அன்று. காப்பிக்கொட்டையில் நிகழும் அதே வேதி மாற்றங்கள்தாம் வறுபடும் பார்லியிலும் நிகழ்கின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன.

இந்தக் கறுப்பு பீர் நம் கரைக்கும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்காக லண்டனிலிருந்து போர்ட்டர் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. வெளிர்நிற பீர் பெரும்பாலும் அதிகாரிகளின் மேசைக்குப் போயிற்று. இலங்கையில் நுவரெலியா மலையில் 1881-இல் தோன்றிய பீர் ஆலை, பிற்காலத்தில் தன் சிங்க முத்திரை ஸ்டவுட்டுக்காக உலகறிந்ததாயிற்று. மலையகத் தமிழர் தேயிலைக் கூடை சுமந்த அதே வளைவுப் பாதைகளில் மால்ட்டு மூட்டைகளும் மேலே ஏறின. ஆனால் அது ஓட்ஸ் ஸ்டவுட் வகை அன்று. ஓட்ஸ் ஸ்டவுட்டைத் தேடி நாம் ஸ்காட்லாந்துக்குத்தான் போக வேண்டும்.

ஓட்ஸ் குளிரும் ஈரமும் மிகுந்த நிலத்தில் விளையும் தானியம். இங்கிலாந்தில் அதனைக் குதிரைக்குப் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் மனிதர்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். இதைச் சொல்லி ஆங்கிலேயர் ஸ்காட்லாந்தியரைக் கேலி செய்வதும் உண்டு. கேழ்வரகுக் கூழ் குடிப்பவனை நெல்லுச்சோறு தின்பவன் ஏளனமாகப் பார்த்த நம் ஊர்ப் புத்தியும் இதுவும் ஒன்றுதான்!

1880-இல் பிரிட்டிஷ் அரசு வரிச் சட்டத்தை மாற்றியது. அதுவரை மால்ட்டின்மீது இருந்த வரி நீங்கி, பீரின்மீது வரி வந்தது. அதன்பின் ஆலைக்காரர்கள் தாம் விரும்பிய தானியத்தைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. 1895-இல் ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் மக்லே என்ற ஆலைக்காரர் ஓட்ஸை முளைக்கட்டிச் சேர்த்த ஸ்டவுட்டுக்குக் காப்புரிமை பெற்று விற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுவதும் ஓட்ஸ் ஸ்டவுட் பரவியது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஸ்டவுட்டில் ஏற்கெனவே பார்லி இருக்கிறதே, ஓட்ஸ் எதற்கு? இதற்கு விடை காணக் கூழையும் பீரையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கூழ் புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவில் ஒரு சிறு பகுதியைத்தான் உண்கின்றன. பெரும்பகுதி மாவுச்சத்து அப்படியே நிற்கிறது. காய்ச்சும்போது அது நீரை உறிஞ்சி உப்பிக் குழைகிறது. கூழின் கெட்டி அதனால் வந்தது. பாவுக்குப் போடும் கஞ்சியின் கெட்டியும் அதனால் வந்ததே. பீரில் நடப்பது நேர்மாறு. மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. கெட்டியாக இருந்த தானியக் கரைசல் இவ்வாறு நீர்த்துப் போகிறது. அதில் மீண்டும் ஒரு குழைவு வேண்டுமானால், நொதியும் முற்றிலும் வெட்டாத, ஈஸ்ட்டும் தின்னாத ஒரு பொருள் தேவை.

ஓட்ஸில் அப்படி ஒரு பொருள் நிறைய இருக்கிறது. அதற்குப் பீட்டா குளுக்கான் என்று பெயர். அதுவும் மாவுச்சத்தைப் போல குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் இணைந்துள்ள விதம் வேறு. அந்த வேறுபாடு ஒன்றினாலேயே மாவுச்சத்தை வெட்டும் நொதிகளுக்கு அது அகப்படுவதில்லை. நீரில் கரைந்து வழவழப்பைத் தருகிறது. வீட்டில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சியவர்கள் கரண்டியில் நூல் போல் இழுபடும் அந்தப் பசையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. ஓட்ஸில் உள்ள புரதமும் கொழுப்பும்கூட நாவில் தோன்றும் வழவழப்புக்குத் துணை செய்கின்றன என்பர்.

ஆனால் ஓட்ஸைக் கண்டபடி சேர்க்க முடியாது. அளவு மிஞ்சினால் தொட்டியில் தானியம் முழுதும் பசையாக இறுகி, சாறு கீழே வடிவதே இல்லை. கஞ்சி கெட்டித்துப்போனால் பாவில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நெசவாளர் அறிவர். பீர் ஆலைக்காரனின் தொல்லையும் அதே வகை. இக்காலத்தில் பெரும்பாலும் மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குவரை ஓட்ஸ் சேர்க்கிறார்கள்.

அக்காலத்தில் இவ்வளவுகூடச் சேர்க்காதவர்கள் உண்டு. பழைய ஆலைக் கணக்கேடுகளைப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். லண்டனின் பெரிய ஆலைகள் சிலவற்றில் ஓட்ஸ் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை! அதே தொட்டியில் காய்ச்சிய ஸ்டவுட்டின் ஒரு பகுதிக்கு ஓட்ஸ் ஸ்டவுட் என்று சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஓட்ஸ் தொட்டியில் இருந்ததைவிடச் சீட்டில்தான் அதிகம் இருந்தது எனலாம்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஓட்ஸ் கஞ்சி நோயாளிக்கு நல்லது என்று மக்கள் நம்பினார்கள். ஆகவே ஓட்ஸ் சேர்ந்த பீரும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? நோயில் மெலிந்தவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது ஊட்டம் தரும் என்று விளம்பரம் செய்தார்கள். 1929-இல் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலை, தன் ஸ்டவுட் உடலுக்கு நல்லது என்று சொல்லி நாடு தழுவிய விளம்பரத்தில் இறங்கியது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஸ்டவுட் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. கறுப்பாக இருப்பதால் இரும்புச்சத்து மிகுதி என்பது மற்றொரு நம்பிக்கை. கறுப்பு என்பது வறுத்த பார்லியின் நிறமே தவிர இரும்பின் நிறம் அன்று. அதிலுள்ள இரும்பு மிகச் சொற்பம். தாய் குடிக்கும் ஆல்கஹாலோ தாய்ப்பாலுக்குள் சென்றுவிடும். ஊட்டம் வேண்டுமானால் கூழுக்குப் போகலாம்: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இதைச் சொல்ல அந்நாளில் கூழுக்கு விளம்பரக் கம்பெனி இல்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் ஓட்ஸ் ஸ்டவுட்டின் மவுசு குறைந்தது. வெளிர்நிற பீர்கள் சந்தையைப் பிடித்தன. கடைசியாக அதைக் காய்ச்சிவந்த ஆலையும் 1970-களின் நடுவில் நிறுத்திவிட்டது. சுவை என்பது விதையைப் போல டப்பாவில் போட்டு வைக்கக்கூடிய பொருள் அன்று. காய்ச்சுபவனும் குடிப்பவனும் போய்விட்டால் அது போய்விடும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் 1977-இல் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் உலகத்துப் பீர் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். (பாடகர் ஜாக்சன் அல்லர், இவர் 1942-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர். நுவரெலியா ஸ்டவுட்டை மேல்நாட்டார்க்கு எடுத்துச் சொன்னவரும் இவரே.) மறைந்துபோன ஓட்ஸ் ஸ்டவுட்டையும் அதில் விவரித்திருந்தார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பீர் இறக்குமதி செய்துவந்த சார்லஸ் ஃபிங்கல் அதனைப் படித்தார். இங்கிலாந்தில் டாட்காஸ்டர் என்னும் சிற்றூரில் 1758 முதல் நடந்துவரும் சாமுவேல் ஸ்மித் ஆலையை அணுகி, இதைக் காய்ச்சித் தர முடியுமா என்று கேட்டார். 1980-இல் அவர்கள் காய்ச்சினார்கள். இன்று பல நாடுகளில் ஓட்ஸ் ஸ்டவுட் கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 1980-ஆம் ஆண்டுச் சரக்கே மாதிரி. 1895-இல் மக்லே காய்ச்சியதற்கும் இதற்கும் சுவை ஒன்றுதானா என்று கேட்டால், ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் பழைய நாக்கு ஒன்றும் உயிரோடில்லை.

இதனால்தான் சுவையை எழுதி வைப்பதும் அளந்து வைப்பதும் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. தேர்ந்த சுவைஞர்கள் ஸ்டவுட்டை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கறுப்பு என்று எண்ணியது விளிம்பில் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு மோப்பம். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மணமே ஆகும். வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்கின் பின்புறம் ஏறும் ஆவியை மூக்கு உணர்கிறது. சளி பிடித்தால் ரசம் சப்பென்று இருப்பது இதனால்தான். மிகக் குளிரவைத்தால் மணம் எழாது; ஆகவே இவ்வகைக் கறுப்பு பீரைப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துச் சோதிக்கிறார்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பாடநூல்களில் வரைந்திருந்த படத்தை மறந்துவிடுங்கள். அது 1901-ஆம் ஆண்டின் ஓர் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய பிழை. சுவை மொட்டுகள் உள்ள இடங்களிலெல்லாம் எல்லாச் சுவையும் உணரப்படும். கடைசியாகத்தான் ஓட்ஸின் வேலை: வாயில் அது நீராக ஓடுகிறதா, பட்டுப்போல் படிகிறதா என்பது. இது நாவின் சுவை அன்று, வாயின் தொடுவுணர்ச்சி. வழவழப்பு, கொழகொழப்பு, குழைவு, பிசுபிசுப்பு என்று இதற்குத் தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. 1970-களில் மார்ட்டன் மெயில்கார்ட் என்பவர் பீர்ச் சுவைகளை ஒரு சக்கரமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்ட வேண்டியிருந்தது. கூழ் குடிக்கும் மக்களிடம் அவர் கேட்டிருந்தால் இந்தப் பகுதியிலாவது அவர் வேலை எளிதாக முடிந்திருக்கும்.

சரி, ஒருவர் வேறுபாட்டை உண்மையிலேயே உணர்கிறாரா, ஊகித்துச் சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேயும் பீர் ஆலைகளே வழிகாட்டின. கின்னஸ் ஆலையில் 1899-இல் சேர்ந்த வில்லியம் கோசெட், சில மாதிரிகளை மட்டுமே சோதித்து நம்பத்தகுந்த முடிவுக்கு வரும் கணக்கை 1908-இல் வெளியிட்டார். ஆலை தன் ஊழியர் பெயரில் ஆய்வுகள் வெளிவருவதை விரும்பாததால் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் எழுதினார். புள்ளியியல் படிக்கும் மாணவர் இன்றும் அந்தப் பெயரால்தான் அச்சோதனையை அறிவர். பின்னர் 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையினர் முக்கோணச் சோதனை என்ற முறையைக் கையாண்டனர்.

அதனை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். கேழ்வரகுக் கூழை நொய் சேர்த்து ஒரு பானையிலும், சேர்க்காமல் ஒரு பானையிலும் காய்ச்சச் சொல்லுங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபடி இரண்டையும் நன்றாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். மூன்று டம்ளர்களில் இரண்டில் ஒரு வகையையும் ஒன்றில் மற்ற வகையையும் ஊற்றி, உங்கள் தம்பியின் கண்ணைக் கட்டி, தனித்து நிற்பது எது என்று கேளுங்கள். வெறும் ஊகத்தில் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஆகவே ஒருமுறை சரியாகச் சொன்னதும் மெச்சிவிடாதீர்கள். டம்ளர்களை இடம் மாற்றிப் பத்துத் தடவை கேளுங்கள். நடுவே ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஏழு தடவையோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது ஊகத்தால் நேர்ந்திருக்க நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பே உண்டு. பிறகு கண்கட்டை அவிழ்த்துவிட்டு, எதனால் கண்டுபிடித்தான் என்பதை அவனுடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.